பத்தாவது கையெழுத்து

போட்டால் போச்சு, போடாவிட்டால் இருக்கு. இவ்வளவுதான் சங்கதி, இதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று கோகிலவாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி முதலிலிருந்து உடைத்துக்கொள்ளத் தொடங்கினாள். மணி பத்தாகி மூன்று நிமிஷம். அறுபது பேர் உட்காரும் ஹாலில் பத்தே பேர், பத்துப் பேரும் தள்ளித் தள்ளி, இந்த மே மாசத்து வெயிலில் வேறு வேலை வெட்டி இல்லாதவர்கள் மாதிரி. தலைக்கு மேல் காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒரு 'கடக்' வைத்துக்கொண்டிருந்தது. கேள்வித்தாள் கைக்கு வந்தாயிற்று, விடைத்தாளின் முதல் பக்கத்தில் பதிவு எண்ணை எழுதியாயிற்று. அதெல்லாம் கணக்கில்லையாம். பத்தரைக்கு மணி அடிக்கும், அடித்ததும் இந்தப் பாடம் நடத்திய வசந்தாமணி மேடம் வருகைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவார், அதில் தன் நம்பருக்கு நேராக இவள் ஒரு கையெழுத்துப் போட்டால் அதுதான் கணக்கு. போன வருஷம் அம்மை போட்ட உடம்போடு எழுதி வாங்கிய ஐம்பத்தெட்டு அடிபட்டுப்போகும், இன்றைக்கு எழுதி வாங்குவது அந்த இடத்தில் உட்காரும், பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தோடு. நட்சத்திரம் வாங்கியவர்களுக்கு ரேங்க் கிடையாது. தொண்ணூற்றெட்டு வாங்கினாலும் கிடையாது. விதி பதினாலு. இதைப் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெரிந்துகொண்டவள் இந்த உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதுவும் யார் சொல்லித் தெரிந்தது? பரீட்சைப் பிரிவு அட்டெண்டர் ராக்கியண்ணன் சொல்லி. ஹால் டிக்கெட் வாங்கப் போன இடத்தில், பாடத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி அச்சாகியிருந்ததைப் பார்த்து, இது எதுக்குங் அண்ணா என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அந்த மனிதர் கண்ணாடியைத் தூக்கி இவளைப் பார்த்தார், லிஸ்ட்டைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார். நீ எதுக்கு அம்மிணி இந்தப் பரீட்சைக்கு வந்தே, நீ பாசான புள்ளயாச்சே என்றார். ரேங்க் பட்டியல் தயாராகி அவர் மேசை இழுப்பறைக்குள்தான் இருக்கிறதாம், மேலே இவள் பேர்தான் இருக்கிறதாம், அந்த ஐம்பத்தெட்டையும் சேர்த்துத்தான், இரண்டாவது பிள்ளைக்கும் இவளுக்கும் பதினொரு மார்க் இடைவெளியாம். இன்றைக்குச் சாயங்காலம் வருகைப் பட்டியல் கீழே வந்ததும் இவள் பேரை அடிக்க வேண்டுமாம். ஒரு தரம் படித்த பாடத்தை மறுதரம் படித்து எழுதினால் பழையது செல்லாது, ரேங்குக்கும் ஆகாது. எழுதாமல் விட்டால் பழையது அப்படியே நிற்கும். சைன் போட்டாத்தான் அம்மிணி எழுதுனதாக் கணக்கு என்றார். அப்புறம் அவராகவே, பத்துப் பேர் சேராவிட்டால் கோடை வகுப்பு நடத்தமாட்டார்கள், ஒன்பதிலேயே ஒரு வாரம் நின்றுகொண்டிருந்தது, பெயிலான ஒன்பதோடு பாசான நீ ஒருத்தி எதுக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று அன்றைக்கே நினைத்தேன் என்றார். ஒன்பது. பத்து. அவள் எத்தனையோ கூட்டல் போட்டவள், இந்தக் கூட்டல் மட்டும் நாற்பது நாளாகக் கண்ணில் படவில்லை.

அன்றைக்குக் கைதட்டினார்களே! வகுப்பு தொடங்கிய நாள் அவள் வாசலில் கால் வைத்ததும் ஒன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில்கூட அடித்தான் ஒருத்தன். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நம்மோடு வந்து உட்காருகிறாளே என்ற மரியாதை என்று நினைத்துக்கொண்டு, அடச் சீ, கையை வேறு ஆட்டினாள், எலெக்ஷனில் ஜெயித்தவள் மாதிரி. ஆட்டுக்கு மாலை போடும்போது அதுவும் இப்படித்தான் தலையைத் தலையை ஆட்டும். மேடம் அன்றைக்கு எவர்சில்வர் டப்பா நிறைய கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். வெல்லமும் ஏலக்காயும் வாசனையடிக்க, எல்லோருக்கும் ஒன்று, இவளுக்கு மட்டும் இரண்டு. இரண்டாவதை வேண்டாமுங் மேடம் என்றதற்கு, சாப்புடு கண்ணு, நீ இல்லைன்னா இந்தக் கிளாஸே இல்ல என்றார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், பாருங்கள். பச்சையாகச் சொல்லியிருக்கிறார், இவள்தான் அதை வெல்லத்தோடு சேர்த்து முழுங்கிவிட்டாள். இப்போது இந்த ஹாலில் தொண்டையில் அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஏறி வந்தது. இவளுக்கு முன் பெஞ்சில் கவின் உட்கார்ந்திருந்தான், மேடத்தின் அண்ணன் மகன். கழுத்துப் பின்னால் முடியை ஒட்ட வெட்டியிருந்தான். பெங்களூர் கம்பெனியில் வேலை கிடைத்தாயிற்று, ஜூன் மாசத்துக்குள் எல்லாப் பாடமும் பாசாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போச்சு. அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்து, ஐயோ பாவம் என்று இரண்டு நாள் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கொடுமைதான். கத்தியையும் தீட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இல்லை, இரு. மேடத்துக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாமே. விதி எத்தனை மாறுகிறது, வருஷத்துக்கு ஒரு சுற்றறிக்கை. மேடம் தெரியாமல் சொல்லியிருப்பார், இரண்டில் எது நல்ல மார்க்கோ அது நிற்கும் என்றுதான் சொன்னார், ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு ரேங்க் கனவு காணாதே கண்ணு என்று வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய்... சே, மேடத்தைப் போய். கோடை வகுப்பில் சேர எழுதிக் கொடுத்த அந்தப் படிவம். அதில் கடைசிக்கு முந்தின வரியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது, விதி பதினாலைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று. இவள் பேனாவை அங்கே கொண்டுபோனதும் மேடம், அது சும்மா ஃபார்மாலிட்டி என்று சொல்லித் தன் பச்சைப் பேனாவால் தானே ஒரு டிக் போட்டார். போட்டுவிட்டு உள்ளங்கையை அந்த வரி மேல் வைத்துக்கொண்டார். விரலைக் கீழே தள்ளி, இங்க போடு கண்ணு என்றார். உள்ளங்கையை. தெரியாதவர்கள் எதற்கு மறைக்கிறார்கள்? மூன்று நிமிஷமாக இவள் திரும்பத் திரும்ப அந்தக் கையைத்தான் தூக்கிப் பார்க்கிறாள், அது வரவே மாட்டேன் என்கிறது. விதிப் புத்தகம் முதல் வருஷமே எல்லோருக்கும் கொடுத்ததுதான், பச்சை அட்டை. ஹாஸ்டலில் இவள் கட்டிலின் ஒரு கால் குட்டை, அதற்குக் கீழே மடித்து வைத்தாள். மூன்று வருஷம் அதன் மேல்தான் படுத்துத் தூங்கினாள். யார் சொன்னாலும் நம்பாதே, ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' கேள், பதில் வராவிட்டால் அடுத்த வரிக்குப் போகாதே. இந்தப் பாடத்தின் முதல் நாள் முதல் வாக்கியம் இது. சொன்னது யார்? மேடம்தான். எல்லா வரிக்கும் ஏன் கேட்டவள் சொன்னவளிடம் மட்டும் கேட்கவில்லை. சொன்னவளிடம். மனசுக்குள் மரியாதை கழன்று விழுந்துவிட்டதைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது, சட்டென்று தலையைத் தூக்கி, கேட்டிருக்குமோ என்கிற மாதிரி மேடையைப் பார்த்தாள்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். தான் நடத்திய பாடத்துக்குத் தானே காவலுக்கு வரக்கூடாதுதான், ஆனால் விடுமுறையில் வேறு யார் இருக்கிறார்கள். குதிகால் வலிக்காகச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார், வருவது தெரியாது. அந்தக் காலோடுதான் ஹாஸ்டலின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். அம்மை போட்டிருந்தபோது கூட இருந்த மூன்று பெண்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள், சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். மேடம் மட்டும் வேப்பங்கொத்தும் இளநீரும் கொண்டுவந்து கட்டிலில், அந்த விதிப் புத்தகக் கட்டிலில், பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு கண்ணு, பயமில்ல என்றார். பிரின்சிபாலிடம் சண்டை போட்டுத் தனி அறையில் பரீட்சை எழுத வைத்தார். அந்த இளநீர் பொய்யா? அதுதான் பிடிபடவில்லை. அது பொய்யாக இருந்துவிட்டால் இவள் இந்த நிமிஷம் நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாம். அது நிஜம். நெற்றியில் வைத்த கை நிஜம், வரி மேல் வைத்த கையும் நிஜம், இரண்டும் ஒரே கை. வேலியே பயிரை மேய்ந்ததாகச் சொல்லுவார்கள்; மேய்ந்த வேலி இத்தனை நாள் காத்ததும் உண்மைதானே, அதை என்ன செய்வது என்று பழமொழி சொன்னவன் சொல்லவில்லை. ரேங்க் வந்தால் முதலில் மேடத்திடம்தான் சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாக வைத்திருந்தாள். அப்பாவுக்கும் முந்தி. எப்படிச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், டிபார்ட்மெண்ட் கதவோரம் நின்று, மேடம், உங்க கணக்கு தப்பாகலீங் என்று.

அப்பா. அப்பா பால் வண்டி ஓட்டுகிறவர், பேச்சு ஒன்றுதான், அடுத்த பேச்சு கிடையாது. ரேங்க் வாங்கினா எம்.எஸ்ஸி. படி, நான் மாட்டை வித்தாவது சேர்த்துறேன். இல்லீன்னா அக்காகூட பஸ் ஏறு என்றார். அக்கா தமயந்தி காலை ஆறே காலுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவள். செக்கிங் பிரிவு. நாள் முழுக்க நின்றுகொண்டு பிசிறு வெட்டி, இருட்டின பிறகு வந்து, சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அக்காவும் பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அக்கா மட்டும் ஒரு தரம், நீயாவது அந்தப் பஸ்ஸுல ஏறாதடி என்று சொன்னாள், துணி மடித்துக்கொண்டே, இவள் முகத்தைப் பார்க்காமல். கண்ணீர் வரும்போல் இருந்தது. வரக்கூடாது, விடைத்தாளில் விழுந்தால் மை கலையும், கலைந்தால் என்ன, எழுதினால்தானே. கண்ணைக் கீழே இறக்கினாள், கேள்வித்தாள் முதல் கேள்வி. மேல்வரம்பு உள்ள ஏறுமுகத் தொடர்முறை ஒருங்கும் என நிறுவுக. பதினைந்து மதிப்பெண். கை தன்னால் எழுத ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போகிற எண்கள், மேலே ஒரு கூரை. கூரையைத் தாண்ட முடியாது, இறங்கவும் மாட்டோம் என்றால் எங்கோ ஒரு இடத்தை நெருங்கித்தான் ஆக வேண்டும். ஏன்? ஏனென்றால், கூரைகளிலேயே தாழ்ந்த கூரை ஒன்று இருக்கிறது. ஏன்? ஒவ்வொரு ஏனுக்கும் பதில் வந்தது, மளமளவென்று, போன வருஷம் காய்ச்சலில் ஒரு வரிகூட ஞாபகம் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நிறுவல். சந்தோஷமாக இருந்தது. அதுதான் எரிச்சல், இந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது. நாற்பது நாள் மேடம் சும்மா நடத்தவில்லை, உயிரைக் கொடுத்து நடத்தினார். எழுதினால் தொண்ணூற்றைந்து நிச்சயம். அந்த ஐம்பத்தெட்டு அவளை எவ்வளவு நாள் தின்றிருக்கிறது, மார்க் ஷீட்டில் அந்த ஒரு வரி மட்டும் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி. தொண்ணூற்றைந்தா, ரேங்கா? இரண்டும் அவளுடையதுதான், இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய ஆள் சொல்லவில்லை. ராக்கியண்ணன் சொன்னது தப்பாக இருந்துவிட்டால்? எழுதாமல் போய், ரேங்க்கும் வராமல், இரண்டும் கெட்டான் ஆகிவிட்டால்? கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த ஹாலில் ஒரே ஆள்தான் இருந்தார்.

மணி அடித்தது. பத்தரை. அவள் நிறுவலின் கடைசி வரியை முடித்து, முடிந்தது என்று காட்டும் சின்னச் சதுரத்தையும் போட்டுவிட்டாள், பழக்க தோஷம். மேடம் பட்டியலோடு இறங்கினார். முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, பின்னால் கோயமுத்தூர்ப் பையன், ஜன்னலோரத்தில் இரண்டு பெண்கள். இவள் போடாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஒருத்தர் வந்தாலும் பரீட்சை நடக்கும் என்று ராக்கியண்ணனிடம் அதையும் கேட்டு வைத்திருந்தாள். அந்தப் பதற்றத்திலும் அது கேட்கத் தோன்றியிருக்கிறது, அசட்டுப் பெண். கவின் கையெழுத்துப் போட்டான். திரும்பி அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது, தெரிந்தாலும் அப்படித்தான் சிரிப்பான் போலிருக்கிறது. வெறுங்கால்கள் அவள் பெஞ்சு ஓரத்தில் வந்து நின்றன. பட்டியல் மேசை மேல் விரிந்தது. ஒன்பது கையெழுத்து, பத்தாவது கட்டம் காலி. அதே விரல் வந்து அந்தக் கட்டத்துக்குக் கீழே நின்றது.

"போடு கண்ணு."

அவள் பேனாவை மூடினாள். "விதி பதினாலு என்னங் மேடம்?"

விரல் நகரவில்லை. மேடம் விடைத்தாளைப் பார்த்தார், அந்த நிறுவலைப் பார்த்தார், கண் தன்னால் வரி வரியாக இறங்கிச் சதுரத்தில் போய் நின்றது. அந்த ஒரு நொடி அவர் முகத்தில் வந்தது பெருமைதான், வேறெதுவும் இல்லை, அதைத்தான் கோகிலவாணியால் தாங்க முடியவில்லை. தெரியாதும்மா என்று சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் போதும், நம்பிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். மேடம் குனிந்து, பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழைச்சுக்குவே. அவனுக்கு இந்தக் கிளாஸ் ஒண்ணுதான் வழி கண்ணு."

எங்க போனாலும். ஆறே கால் பஸ்ஸில் போனாலும். அக்காவும் கெட்டிக்காரிதான். விடைத்தாளை மூடி மேடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"ஆப்சென்ட் போட்டுக்குங்க மேடம்."

மேடத்துக்கு உடனே கை வரவில்லை. சிவப்புப் பேனாவைத் தேடினார், அது கொண்டையில் செருகியிருந்தது, அது தெரியாமல் மேசையில் தேடினார். எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் நம்பருக்கு நேராக, இவள் வரவில்லை என்று எழுதினார். எழுதியதும் விடைத்தாளைப் பிரித்து, ரத்து செய்வதற்காக அந்த நிறுவலின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுக்க வேண்டும். அதை அவர் இழுத்தாரா என்று கோகிலவாணி பார்க்கவில்லை. ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் மேடத்தின் செருப்பு கிடந்தது, இடதுகால் குதிகால் பக்கம் தேய்ந்தது. அதை மிதிக்காமல் தாண்டினாள்.

கீழே ராக்கியண்ணன் படிக்கட்டின் அடியில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார், காத்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. எழுதலியா என்றார். இல்லீங் அண்ணா என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது, தன் சொந்த மகள் தப்பித்த மாதிரி. நல்லதாப் போச்சு, உன்ற பேரு லிஸ்ட்டுல அப்படியே நிக்கும், ஒருத்தனும் அசைக்க முடியாது, பத்து நாளில் போர்டில் ஒட்டிவிடுவார்கள், அதற்குள் வெளியே மூச்சு விடாதே என்று மெதுவாகச் சொன்னார். தலையை ஆட்டினாள். பிறகு அந்த மனிதர் டம்ளரில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றிக்கொண்டே, சும்மா சந்தோஷத்துக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்புறம் அம்மிணி, ஒட்டுனதும் மொதல்ல ஆருகிட்டச் சொல்லப்போறே?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாகப் பழகிப்போன பேர்தான் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.